கல்லீரலைக் காப்போம்

பல் வலித்தால் உடனே மருத்துவரைத் தேடிச் செல்கிறோம். வயிறு வலித்தால் அன்றைய உணவைக் குறைத்துக்கொள்கிறோம். வலி என்பது உடல் நமக்கு விடுக்கும் எச்சரிக்கை. ஆனால், நம் உடலில் உள்ள ஒரு முக்கிய உறுப்பு பெரும்பாலும் அந்த எச்சரிக்கையை விடுப்பதில்லை. அதுதான் கல்லீரல். பெருமளவு பழுதடைந்த பின்னரும் அது ஓசையின்றித் தன் பணியைச் செய்துகொண்டே இருக்கும். எனவே, நோய் வருவதற்கு முன்பே கல்லீரலைப் பற்றி அறிந்து வைத்திருப்பது அவசியமாகும்.

நம் உள்ளுறுப்புகளில் மிகப் பெரியது கல்லீரல். பெரியவர் ஒருவரின் கல்லீரல் ஏறத்தாழ 1.5 கிலோகிராம் எடை இருக்கும். செம்பழுப்பு நிறமுடைய இவ்வுறுப்பு, வயிற்றின் மேற்பகுதியில் வலப்பக்க விலா எலும்புகளின் பாதுகாப்பில் அமைந்துள்ளது. இரைப்பையிலிருந்தும் குடலிலிருந்தும் வெளியேறும் இரத்தம் நேராக இதயத்திற்குச் செல்வதில்லை. முதலில் கல்லீரலுக்குள் நுழைகிறது. கிள்ளான் துறைமுகத்தில் வந்திறங்கும் சரக்குகள் சுங்கத்துறையைக் கடந்த பின்னரே கடைகளுக்குச் செல்கின்றன அல்லவா? அதுபோல, நாம் உண்ணும் உணவின் பெரும்பாலான சத்துகளும் விழுங்கும் மருந்துகளும் கல்லீரலைக் கடந்த பின்னரே உடலின் பிற பகுதிகளைச் சென்றடைகின்றன.

கல்லீரல் ஆற்றும் பணிகள் பல. உணவுக்குப் பின் இரத்தத்தில் மிகுதியாகும் சர்க்கரையை அது சேமித்து வைக்கிறது. நாம் உறங்கும்போதும் பசித்திருக்கும்போதும் அதனை மீண்டும் இரத்தத்தில் விடுகிறது. புரதம் சிதைவதால் உண்டாகும் நச்சுப்பொருளான அம்மோனியாவை யூரியாவாக மாற்றுகிறது. சிறுநீரகம் அதனை வெளியேற்றுகிறது. காயம் பட்டால் இரத்தம் உறைவதற்குத் தேவையான புரதங்களையும் கல்லீரலே உருவாக்குகிறது. கொழுப்பைச் செரிக்க உதவும் பித்தநீரும் இங்குதான் சுரக்கிறது.

நம் சிவப்பணுக்கள் ஏறத்தாழ 120 நாள்களில் முதிர்ந்து சிதைகின்றன. அப்போது உண்டாகும் மஞ்சள் நிறக் கழிவைக் கல்லீரல் பித்தநீரோடு சேர்த்து வெளியேற்றுகிறது. இப்பணி தடைப்பட்டால், அக்கழிவு இரத்தத்தில் தேங்கிக் கண்களும் தோலும் மஞ்சளாகின்றன. இதையே மஞ்சள் காமாலை என்கிறோம். காமாலை ஒரு தனி நோய் அன்று. அது பல நோய்களின் அறிகுறி. நம் முன்னோர் காமாலைக்குக் கீழாநெல்லியைக் கொடுத்து வந்தனர். சில வகைக் காமாலை போதிய ஓய்வு எடுத்தாலே தானாகக் குணமாகிவிடும். வேறு சிலவோ பித்தநாள அடைப்பாலோ நாள்பட்ட நோயாலோ வருபவை. எந்த வகை என்பதை இரத்தப் பரிசோதனையின்றிக் கூற இயலாது. ஆகவே, கண்கள் மஞ்சளானால் காலம் தாழ்த்தாமல் மருத்துவரை நாட வேண்டும்.

கல்லீரல் ஏன் பழுதடைகிறது? முதற்காரணம், ஹெபடைடிஸ் எனப்படும் கல்லீரல் அழற்சியை உண்டாக்கும் வைரஸ் கிருமிகள். இவற்றுள் ஏ, இ ஆகிய வகைகள் தூய்மையற்ற உணவாலும் நீராலும் பரவுகின்றன. பி, சி ஆகிய வகைகள் இரத்தத்தின் வழியாகப் பரவுகின்றன. பி வகைக் கிருமி, பிரசவத்தின்போது தாயிடமிருந்து குழந்தைக்கும் தொற்றலாம். அவ்வாறு தொற்றிய குழந்தைகளுள் பெரும்பாலோரின் உடலில் அக்கிருமி பல ஆண்டுகள் தங்கிவிடுகிறது. பிற்காலத்தில் கல்லீரல் புற்றுநோய்க்கும் வழிவகுக்கலாம். இதனைத் தடுக்கவே, மலேசியாவில் 1989ஆம் ஆண்டு முதல் பிறந்த குழந்தைகளுக்கு ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போடப்படுகிறது. எனவே, மாணவர்களாகிய உங்களுள் பெரும்பாலோர் இத்தடுப்பூசியைப் பெற்றிருப்பீர்கள். ஆனால், 1989க்கு முன் பிறந்த உங்கள் பெற்றோரும் தாத்தா பாட்டியும் பெறாமல் இருக்கலாம்.

இரண்டாவது காரணம், கல்லீரலில் கொழுப்பு சேர்வது. தேவைக்கு மேல் உட்கொள்ளும் சர்க்கரையைக் கல்லீரல் கொழுப்பாக மாற்றுகிறது. கெட்டிப்பால் கலந்த தே தாரிக், சிராப், புட்டிகளில் விற்கப்படும் இனிப்புப் பானங்கள் ஆகியவற்றை நாள்தோறும் பருகி, உடற்பயிற்சியின்றி இருப்போருக்குக் கொழுப்பு அங்கேயே தங்கிவிடுகிறது. உடல் பருமனும் நீரிழிவும் உள்ளவர்களை இந்நோய் எளிதில் தாக்கும். மது அருந்தாதவர்களுக்கும், ஏன், சிறுவர்களுக்கும்கூட இந்நோய் வருவதுண்டு.

மூன்றாவது காரணம், மது. மதுவைச் சிதைக்கும்போது உண்டாகும் நச்சுப்பொருள் கல்லீரல் அணுக்களை அழிக்கிறது. ‘சம்சு’ எனப்படும் மலிவான மதுவால் சீர்குலைந்த தோட்டப்புறக் குடும்பங்களை நம் சமூகம் கண்டிருக்கிறது. மருந்தும் அளவு மீறினால் நஞ்சாகும். காய்ச்சலுக்கு நாம் சாதாரணமாக விழுங்கும் பாராசிட்டமோல் மாத்திரையை அளவுக்கு மேல் உட்கொண்டால், ஒரு சில நாள்களிலேயே கல்லீரல் செயலிழக்கக்கூடும்.

கல்லீரலுக்கு வியத்தகு ஆற்றல் ஒன்று உண்டு. உறவினருக்குத் தம் கல்லீரலில் ஒரு பகுதியைத் தானமாக வழங்கியவரின் கல்லீரல், சில மாதங்களில் ஏறத்தாழப் பழைய அளவுக்கு வளர்ந்துவிடுகிறது. எனினும், ஆண்டுக்கணக்கில் காயம் மேல் காயம் பட்டால், நலமான அணுக்கள் இருந்த இடத்தில் தழும்புகள் நிறைந்து கல்லீரல் இறுகிவிடும். இதனைச் ‘சிரோசிஸ்’ என்பர். வயிற்றில் நீர் கோத்தல், கால் வீக்கம், இரத்த வாந்தி, மனக்குழப்பம் போன்ற அறிகுறிகள் பெரும்பாலும் இக்கட்டத்தில்தான் வெளிப்படுகின்றன. நோய் முற்றிய பலருக்கு, மாற்றுக் கல்லீரல் பொருத்துவதே எஞ்சியிருக்கும் வழி.

அந்நிலை வராமல் தடுப்பது நம் கையில்தான் உள்ளது. தொடக்கத்திலேயே கண்டறிந்தால், கொழுப்பேறிய கல்லீரலை உணவுக் கட்டுப்பாட்டாலும் உடற்பயிற்சியாலும் பழைய நிலைக்குக் கொண்டுவர முடியும். ஹெபடைடிஸ் சி நோயை இன்று சில மாத மாத்திரைகளால் குணப்படுத்தலாம். ஹெபடைடிஸ் பி கிருமியைக் கட்டுப்படுத்தவும் மருந்துகள் உள்ளன. இவை அனைத்திற்கும் முதற்படி பரிசோதனையே. இன்று வீடு திரும்பியதும், “அம்மா, நீங்கள் ஹெபடைடிஸ் பி பரிசோதனை செய்திருக்கிறீர்களா?” என்று கேட்டுப் பாருங்கள். வெள்ளம் வருமுன் அணை போடுவதே அறிவுடைமை. வலியால் பேசத் தெரியாத உறுப்புக்காக நாம்தான் பேச வேண்டும்.