தலைசுத்துக்கு ரெண்டு மாத்திரை

கீழ்பென்னாத்தூரில் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். மல்லாட்டை பிடுங்கும் நாட்களில் "தலைசுத்துக்கு ரெண்டு மாத்திரை குடுப்பா" என்று வருகிறவர்கள் அதிகம். பித்தம், பிரஷர் என்று காரணத்தையும் அவர்களே சொல்லிவிடுவார்கள். "எவ்ளோ நேரம் சுத்துது பெரிம்மா? காது நல்லா கேக்குதா?" என்று கேட்டால், காதுக்கும் இதுக்கும் என்னடா என்பதுபோல் ஒரு பார்வை.

சம்பந்தம் உண்டு. மூளையிலிருந்து கிளம்பும் 12 ஜோடி நரம்புகளில் எட்டாவதுக்கு இரண்டு கிளைகள். ஒன்று ஒலியைக் கொண்டுபோகிறது. மற்றது, நிதானக் கிளை, தலை எந்தப் பக்கம் திரும்புகிறது, சாய்கிறது என்ற சேதியை. இரண்டும் சுமார் ஒரு சென்டிமீட்டர் நீள எலும்புக் குழாய்க்குள் ஒன்றாகவே போகின்றன.

குனிந்து நிமிரும்போதும் படுக்கையில் புரளும்போதும் சுற்றி, ஒரு நிமிடத்துக்குள் நின்றுவிட்டால் பெரும்பாலும் நரம்பில் குறையில்லை. உள்காதின் சுண்ணாம்புத் துகள்கள் இடம் மாறியிருக்கும். டாக்டர் தலையை வரிசையாகத் திருப்பிவைத்தே அதைச் சரிசெய்வார். மாத்திரையால் எனக்குத்தான் லாபம். நாள்கணக்கில் சுற்றி, வாந்தி வந்து, காது மட்டும் நன்றாகக் கேட்டால் நிதானக் கிளையின் அழற்சியாக இருக்கலாம். அதற்கும் சுற்றல் மாத்திரையை இரண்டு மூன்று நாளுக்கு மேல் நீட்டக்கூடாது. மூளை தானாகச் சமாளிக்கப் பழகுவது தள்ளிப்போகும். கூடவே நாக்குக் குழறினால், பார்வை இரண்டாகத் தெரிந்தால் கடைக்கே வராதீர்கள், 108-ஐக் கூப்பிடுங்கள்.

எங்கள் தெருப் பெரியவர் ஒருவர் இருட்டினால் வரப்பில் நடக்கமாட்டார். இளவயதில் டிபிக்கு ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி போட்டவர். 1956-இல் சென்னை சேத்துப்பட்டில் தொடங்கிய காசநோய் ஆய்வு மையம், வாரம் இரண்டு ஊசியோடு வீட்டிலிருந்தே குணமாக்கும் முறையைச் சோதித்துப் பார்த்தது. எத்தனையோ உயிரைக் காத்த மருந்துதான். ஆனால் சிலருக்கு உள்காதில் உள்ள நிதான உறுப்பின் நுண்மயிர்ச் செல்களைக் கெடுத்துவிடும். அவை மறுபடி முளைப்பதில்லை. பகலில் கண் உதவுகிறது, ராத்திரியில் அதுவும் இல்லை.

எனக்குப் பயம் வேறொன்றில். ஒரு காது திடீரென்று அடைத்தால் குரும்பை என்று எண்ணெய் ஊற்றிவிட்டு ஒரு மாதம் காத்திருப்பார்கள். நரம்புக் கோளாறாக இருந்தால் ஸ்டீராய்டு சிகிச்சைக்கு முதல் இரண்டு வாரம்தான் நல்ல வாய்ப்பு. அன்றைக்கே திருவண்ணாமலைக்குப் பஸ் ஏறி, மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரியில் காது டாக்டரைப் பாருங்கள். மாதக்கணக்கில் மெல்ல மெல்ல ஒரு பக்கம் மட்டும் மந்தமாகி, இரைச்சலும் கேட்டால் எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொல்வார்கள்; நரம்பின் உறையில் கட்டி இருக்கிறதா என்று பார்க்கத்தான். அது புற்றுநோய்க் கட்டி அல்ல. சிறியதென்றால் அறுக்காமல், அவ்வப்போது ஸ்கேன் எடுத்துக் கவனித்தாலே பலருக்குப் போதும்.