குறுவேலிக்குப் பொருத்தமான தாவரங்களைத் தெரிவுசெய்தல்

கிளுவை, பூவரசு, கிளிரிசிடியா ஆகியவற்றின் கதியால்களை நாட்டிக் காணியின் எல்லையில் உயிர்வேலி அமைப்பதை நீங்கள் கண்டிருப்பீர்கள். அதன் நோக்கம் பாதுகாப்பாகும். பூப்பாத்தியின் ஓரத்திலும் நடைபாதையின் இருமருங்கிலும் ஏறத்தாழ 30 – 60 செ.மீ. உயரத்தில் பேணப்படும் குறுவேலியின் நோக்கமோ இடத்தைப் பிரித்துக் காட்டுவதும் அழகூட்டுவதுமாகும். நோக்கம் வேறுபடுவதால் தாவரமும் வேறுபட வேண்டும்.

பலரும் விடும் தவறு

கன்று சிறிதாக இருப்பதைப் பார்த்துத் தாவரத்தைத் தெரிவுசெய்தல் தவறாகும். செவ்வரத்தைக் கன்று 30 செ.மீ. உயரமாக இருப்பினும் பின்னர் 2 மீற்றருக்கு மேல் வளரக்கூடியது. அதனை அடிக்கடி வெட்டித் தாழ்வாக வைத்திருந்தால், புதிய தளிர்களில் தோன்றும் பூவரும்புகளும் வெட்டுண்டு போகும். வேலியும் இராது, பூவும் இராது. எனவே முதிர்ந்த தாவரத்தின் உயரத்தையே நோக்க வேண்டும்.

கவனிக்க வேண்டிய இயல்புகள்

1. குட்டையாக வளர்ந்து அடியிலிருந்தே கிளைத்தல்.
2. இலைகள் சிறியனவாகவும் நெருக்கமாகவும் இருத்தல்.
3. கத்தரித்த பின் விரைவாகத் துளிர்த்தல்.
4. இடத்தின் ஒளி, மண், நீர் என்பவற்றுக்கு இசைவாதல்.
5. சூழலை ஆக்கிரமிக்காதிருத்தல்.

சில உதாரணங்கள்

குள்ள எக்சோரா (வெட்சி): நல்ல வெயிலும் சற்று அமிலத்தன்மையான மண்ணும் தேவை. யாழ்ப்பாணக் குடாநாட்டில் சுண்ணாம்பு மிகுந்த கார மண்ணில் இரும்பை உறிஞ்ச முடியாமல் இளம் இலைகள் மஞ்சளாகும்.

நித்தியகல்யாணி (பட்டிப்பூ): வறட்சியைத் தாங்கும். நீர் தேங்கும் இடத்தில் அழுகிவிடும். உண்டால் நஞ்சாகும்.

பொன்னிறத் துரந்தா: விரைவாக வளர்வதால் அடிக்கடி கத்தரிக்க வேண்டும். நிழலில் பொன்னிறம் மங்கும். இதன் பழங்கள் நஞ்சுடையவை. ஆதலால் சிறுவர் விளையாடும் இடத்தில் தவிர்த்தல் நன்று.

நாயுண்ணி: அழகிய பூக்களைக் கொண்டிருப்பினும் நடலாகாது. பறவைகளால் விதை பரவும் இவ்வந்நியத் தாவரம் உடவளவை தேசியப் பூங்காவின் புல்வெளிகளை ஆக்கிரமித்து, யானைகளின் மேய்ச்சல் நிலத்தைக் குறைத்துள்ளது.

கத்தரித்தலின் விஞ்ஞான அடிப்படை

முனையரும்பில் உண்டாகும் ஒட்சின் என்னும் ஓமோன் கக்க அரும்புகளின் வளர்ச்சியை அடக்கி வைத்திருக்கும். இது உச்சியாட்சி எனப்படும். முனையரும்பை அகற்றினால் கக்க அரும்புகள் வளர்ந்து செடி அடர்த்தியாகும். எனவே கன்று உயரும் வரை காத்திராது இளமையிலேயே நுனியைக் கிள்ளிவிட வேண்டும். வேலியின் அடிப்பாகம் அகன்றும் மேற்பாகம் ஒடுங்கியும் இருக்குமாறு கத்தரித்தால் கீழ் இலைகளுக்கும் ஒளி கிடைக்கும். இல்லையேல் அடிப்பாகம் இலையுதிர்ந்து வெறுமையாகும்.

மாதிரி வினா

12 மீற்றர் நீளமான நடைபாதையின் ஒரு பக்கத்தில், இரு முனைகளிலும் கன்று இருக்குமாறு 30 செ.மீ. இடைவெளியில் ஒரு வரிசையாக நடுவதற்கு எத்தனை கன்றுகள் தேவை?

விடை: இடைவெளிகளின் எண்ணிக்கை = 1200 ÷ 30 = 40
கன்றுகளின் எண்ணிக்கை = 40 + 1 = 41

40 என எழுதிப் புள்ளியை இழக்காதீர்கள். இரு முனைகளிலும் கன்று இருப்பதால் கன்றுகள் இடைவெளிகளை விட ஒன்று கூடுதலாகும்.