மூன்று கொடி ஏறிய பிறகு
பேரிடரும் அரசும் – 9

சென்ற வாரம் 1970 நவம்பர் 12 இரவில் நிறுத்தியிருந்தோம். அன்றைய கிழக்குப் பாகிஸ்தானைத் தாக்கிய போலா புயலில் மூன்று முதல் ஐந்து லட்சம் பேர் வரை இறந்திருக்கலாம் என்கிறார்கள். எண்ணி முடிக்க ஆளில்லை. தஜுமுதீன் என்ற ஒரே வட்டாரத்தில் ஏறக்குறைய பாதி ஜனம் போய்விட்டது.

அடுத்த ஆண்டே அந்த மண் வங்கதேசமானது. கஜானா காலி. கரை நெடுகக் கட்டடம் எழுப்பப் பணமில்லை. ஆனால் ஊருக்கு ஊர் ஆள் திரட்டலாம். 1972-ல் செஞ்சிலுவைச் சங்கத்தின் துணையோடு புயல் முன்தயாரிப்புத் திட்டம் பிறந்தது. சம்பளம் கிடையாது. தொண்டர் குழுவுக்கு ஒரு டிரான்சிஸ்டர், மெகாபோன், கையால் சுற்றும் சைரன், டார்ச், மழைக்கோட்டு. கூடவே கொடிகள். எச்சரிக்கை என்றால் ஒன்று, ஆபத்து என்றால் இரண்டு, பேராபத்து என்றால் மூன்று.

கொடி எதற்கு? அங்கே அறிவிக்கும் புயல் எச்சரிக்கை எண்களை நம்பிப் பயனில்லை என்பதால்தான். நம் துறைமுகங்களில் ஏற்றுகிற புயல் கூண்டு எண்களும் அதே வம்சம். ஆங்கிலேயர் காலத்தில் கப்பல்காரர்களுக்காக வகுத்தவை. 5, 6, 7 மூன்றும் ஒரே அளவு ஆபத்துதான். புயல் துறைமுகத்துக்கு எந்தப் பக்கமாகக் கடக்கும் என்பதில்தான் வித்தியாசம். ‘இப்போது 5தானே, 7 வரட்டும் பார்க்கலாம்’ என்று இருந்துவிடும் விவசாயியைக் குறை சொல்ல முடியாது. (7-ம் எண் ஏறியதும் குரலை உயர்த்தும் நம் தொலைக்காட்சிக்காரர்களையும்தான்.)

1991 ஏப்ரல் 29 இரவு சிட்டகாங் கரையில் அடுத்த பெரும்புயல். இந்த முறை எச்சரிக்கை பெரும்பாலோர் காதுக்குப் போய்விட்டது. இருந்தும் சுமார் 1,38,000 பேர் இறந்தார்கள். ஏன் என்று தோண்டியபோது கிடைத்த ஒரு கணக்கு: 20 முதல் 44 வயது வரையுள்ள ஆண்களில் ஆயிரத்துக்கு 15 பேர் இறந்திருக்க, அதே வயதுப் பெண்களில் 71 பேர்.

காரணங்கள் எல்லாம் வீட்டுக்குள்ளேயே இருந்தன. புருஷன் வந்து சொல்லாமல் வாசல் தாண்டக் கூடாது. தாண்டினாலும், போய்ச் சேரும் புகலிடம் ஒரே கூடம், முன்பின் தெரியாத ஆண்கள் நெருக்கியடித்து நிற்பார்கள், கழிப்பறை இல்லை. இடுப்பில் ஒரு குழந்தை, கையில் ஒரு குழந்தை, காலைச் சுற்றும் நனைந்த புடவை. தொழுவத்தில் மாடு. குடும்பத்தின் சொத்தே அதுதான் என்னும்போது, விட்டுவிட்டு வா என்று மெகாபோனில் கத்தினால் யார் வருவார்கள்? புகலிடங்களின் எண்ணிக்கையும் சொற்பம்.

அதன்பிறகுதான் திட்டம் உண்மையில் மாறியது என்பேன். தூண்கள் மேல் நிற்கும் புகலிடங்கள் மற்ற நாட்களில் பள்ளிக்கூடமாயின. தினமும் பிள்ளைகள் போய்வரும் இடம் என்பதால் வழியும் பழகியது, பராமரிப்பும் நடந்தது. புதிய கட்டடங்களில் பெண்களுக்குத் தனி அறை, கழிப்பறை. மாட்டை ஓட்டிச் செல்லச் சாய்தளம். அது இல்லாத இடங்களில் ‘கில்லா’ எனும் மண்மேடு. தொண்டர்களில் பெண்களைப் பாதியாக்கினார்கள். இன்று மொத்தம் சுமார் 76,000 பேர். அடுத்த வீட்டுக்காரி வந்து, “கெளம்பு, நானும் வர்றேன்” என்றால் வாசல் திறக்கிறது.

2007 சித்ர் புயலில் இறந்தவர்கள் சுமார் 3,400 பேர். 2020 மே மாதம், கொரோனாவுக்கு நடுவே வந்த ஆம்பன் புயலுக்கு முன் 24 லட்சம் பேரை இடம் மாற்றினார்கள். நெரிசலைக் குறைக்கக் கூடுதல் பள்ளிகளையும் திறந்துவிட்டார்கள். வங்கதேசத்தில் உயிரிழப்பு நூறைத் தொடவில்லை.

உயிர் தப்புவது வேறு, பிழைப்பு வேறு. 2009 அய்லா புயலில் அங்கே இறந்தவர்கள் இருநூறுக்குள்தான். ஆனால் கரை உடைந்து வயலில் உப்புத்தண்ணீர் நின்றது. குல்னா, சாத்கிரா பக்கம் பல குடும்பங்கள் ஆண்டுக்கணக்கில் கரைமேட்டில் குடிசை போட்டுக் கிடந்தன. ஆளைக் காப்பாற்றக் கற்ற அரசு, வயலைக் காப்பாற்ற இன்னும் கற்கவில்லை.

இன்னொரு ஓட்டையும் உண்டு. காக்ஸ் பஜார் முகாம்களில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட ரோஹிங்கியா அகதிகள் இருக்கிறார்கள். அங்கேயும் தொண்டர்களைப் பயிற்றுவித்திருக்கிறார்கள். மெச்ச வேண்டிய விஷயம். ஆனால் முகாமில் நிரந்தரக் கட்டடத்துக்கு அனுமதியில்லை. மூங்கிலும் தார்ப்பாயும்தான் வீடு. 2023 மே மாதம் மோக்கா புயல் நெருங்கியபோது காக்ஸ் பஜாருக்குப் பேராபத்தைக் குறிக்கும் 10-ம் எண் அறிவித்தார்கள். அகதிகளை முகாமுக்குள்ளேயே கொஞ்சம் உறுதியான பொதுக்கூடங்களுக்கு மாற்ற முடிந்ததே தவிர, வேறு போக்கிடம் இல்லை. புயல் தெற்கே விலகி மியான்மரின் சிட்வே அருகே கரையேறியது. முகாம் பெரிய உயிர்ச்சேதமின்றித் தப்பியதை வங்கதேசத் திட்டத்தின் வெற்றிக் கணக்கில் சேர்க்கக் கூடாது.

(தொடரும்)