படம் முந்துது, பாட்டு பிந்துது!

எங்கள் கல்யாண வீடியோ காஸெட் 2002-லிருந்து பீரோவில் தூங்கிக் கொண்டிருந்தது. போட்டுப் பார்க்க டெக் இல்லை. புதிதாக வாங்கலாமென்றால், கடைசிவரை தயாரித்து வந்த ஜப்பானின் ஃபுனாய் கம்பெனியே 2016-ல் நிறுத்திவிட்டது. அதனால் ஒரு கடையில் கொடுத்து, பென் டிரைவில் மாற்றி வாங்கி வந்தோம்.

இத்தனை அக்கறைக்குக் காரணம் என் மாமியார். நலங்கில் அவர் பாடிய பாட்டு அதில் இருக்கிறது. அவர் போய் ஏழு வருஷமாகிறது. அந்தக் குரல் வேறெங்கும் எங்களிடம் இல்லை.

எல்லோரும் கூடி உட்கார்ந்து போட்டோம். ஆரம்பம் நன்றாகவே இருந்தது. தாலி கட்டி முடித்த பிறகு கெட்டிமேளம் கேட்டது. நலங்கு வந்ததோ இல்லையோ, அத்தை பாடி முடித்துச் சிரிக்கிறார்; பாட்டு இன்னும் வந்து கொண்டேயிருக்கிறது!

"பாட்டி பாடலையாம்மா? வேற யாரோ பாடறாங்களா?" என்றாள் என் பெண். இவர் பேசாமல் எழுந்து வாசலுக்குப் போய்விட்டார்.

கடைக்காரப் பையனோ, "பழைய காஸெட் ஆன்ட்டி, அப்படித்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டான். நானும் நம்பிவிட்டேன். நல்லவேளையாக என் அக்கா மகன் வந்தான்.

"சித்தி, காஸெட்டைத் தூக்கிப் போட்டுடாதீங்க. தப்பு அதுல இல்லை, மாத்தின விதத்துல இருக்கு" என்று விளக்கினான்.

காஸெட்டில் படமும் ஒலியும் ஒரே நாடாவில் ஓடுகின்றன. கம்ப்யூட்டரில் அவை தனித்தனியாகப் பதிவாகி, பிறகு சேர்கின்றன. நம் நாட்டுக் காஸெட்டில் வினாடிக்கு 25 படங்கள். ஒரு மணி நேரத்துக்கு 90,000. மாற்றும்போது கம்ப்யூட்டர் திணறி அதில் 90 படங்களை விட்டுவிட்டால் போதும், கடைசியில் ஒலி 3.6 வினாடி பின்தங்கிவிடும். இரண்டு துணியைச் சேர்த்துத் தைக்கும்போது ஒன்று சற்றுக் குட்டையாக இருந்தால் நுனி சேராது அல்லவா? அதே கதைதான்.

உங்கள் வீட்டு வீடியோவிலும் இப்படி இருந்தால், முதலில் ஆரம்பத்தையும் கடைசியையும் பாருங்கள்.

இரண்டு இடத்திலும் ஒரே அளவு விலகல் என்றால் வைத்தியம் சுலபம். கம்ப்யூட்டரில் வி.எல்.சி. பிளேயரில் போட்டு, ஜே அல்லது கே எழுத்தை அழுத்துங்கள். ஒவ்வொரு அழுத்தலுக்கும் ஒலி 50 மில்லி செகண்டு நகரும். ஆனால் இது பார்க்கும்போது மட்டுந்தான். நிரந்தரமாகச் சரிசெய்ய, அவிடெமக்ஸ் என்ற இலவச மென்பொருளில் ஒலியை அதே அளவு நகர்த்திச் சேமிக்க வேண்டும்.

போகப் போக விலகல் கூடினால் நகர்த்திப் பயனில்லை. ஆரம்பம் கெட்டுவிடும். காஸெட்டாக இருந்தால் மறுபடி பதிவு செய்வதே நல்லது. டெக்கின் ஹெட்டைச் சுத்தம் செய்து, அந்த நேரம் கம்ப்யூட்டரில் வேறு வேலை ஓடாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

செல்போனில் எடுத்த வீடியோவுக்கு வேறு காரணம் உண்டு. வெளிச்சம் குறைந்தால் போன் வினாடிக்கு எடுக்கும் படங்களைக் குறைத்துக் கொள்ளும். குழந்தை கேக் வெட்டும்போது விளக்கை அணைக்கிறோமே, அப்போது இப்படி ஆகலாம். மாற்றும் மென்பொருள் எல்லாம் ஒரே சீர் என்று எண்ணிக் கணக்குப் போட, ஒலி விலகிவிடும். ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் வீடியோ பகுதிக்குப் போய், 'கான்ஸ்டன்ட் ஃப்ரேம்ரேட்' என்பதைத் தேர்ந்தெடுத்து மாற்றினால் பெரும்பாலும் சரியாகிவிடும். போனிலுள்ள மூல வீடியோவை மட்டும் அவசரப்பட்டு அழித்து விடாதீர்கள்.

கடையில் மாற்றக் கொடுத்தால், பணம் கொடுக்குமுன் ஆரம்பம், நடு, கடைசி மூன்றையும் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். யாராவது கை தட்டும் இடமோ, மேளத்தில் குச்சி விழும் இடமோ இருந்தால் பிழை உடனே தெரிந்துவிடும். காஸெட்டையும் மறக்காமல் திரும்ப வாங்கிவிடுங்கள்.

நாங்கள் இன்னொரு கடையில் மறுபடி பதிவு செய்தோம். இந்தத் தடவை அத்தையின் வாயும் பாட்டும் பிசகாமல் சேர்ந்து வந்தன. பாட்டு முடிந்ததும் இவர் மெதுவாகச் சொன்னார்: "அந்த இடத்தை இன்னொரு தடவை போடேன்."