குமாஸ்தா காதில் விழுந்த குடும்பப் பெயர்

ஐ.நா. மனித உரிமை ஆணையராக 2008 முதல் 2014 வரை இருந்த நவி பிள்ளை, தென்னாப்பிரிக்காவின் டர்பனில் பிறந்தவர். ரீயூனியன் தீவிலிருந்து பிரெஞ்சு செனட்டுக்குப் போனவர் ழான்-போல் விராபுல்லே. இலங்கையில் அமைச்சராக இருந்து, 2008இல் குண்டுவெடிப்பில் இறந்தவர் ஜெயராஜ் பெர்னாண்டோபுள்ளே. மூவர் பெயரிலும் கடைசியில் நிற்பது ஒரே 'பிள்ளை'தான். டர்பனில் அதை எழுதியவர் கடைசி எழுத்தாக 'ஒய்' போட்டார். பிரெஞ்சுக்காரர்கள் 'புல்லே' என்று எழுதினார்கள். புதுச்சேரி கவர்னர் துய்ப்ளேக்ஸ் காலத்து ஆனந்தரங்கப் பிள்ளையே அவர்கள் காகிதங்களில் ரங்கப்புல்லேதான். நீர்கொழும்புப் பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பங்களில் அது போர்த்துகீசிய பெர்னாண்டோவோடு ஒட்டிக்கொண்டது.

கடல் கடந்த தமிழ்க் குடும்பங்களின் வாரிசுகள் இன்று பூர்விகம் தேடிக் கிளம்பும்போது முதலில் முட்டிக்கொள்வது இந்த எழுத்துக்கூட்டலில்தான். 'எங்கள் பெயரில் இரண்டு ஓ வரும், அவர்கள் பெயரில் வராது, ஆகவே அவர்கள் வேறு குடும்பம்' என்று ஒதுக்கிவிடுகிறார்கள். பதிவேட்டை எழுதியவருக்குத் தமிழ் தெரியாது, பெயரைச் சொன்னவருக்கு ஆங்கிலம் தெரியாது. நடுவில் இருந்தது காது மட்டும்தான். படையாச்சி என்ற ஒரே சொல், டர்பனை உள்ளடக்கிய நேட்டாலின் ஆவணங்களில் ஒரு 'டி'யோடும் இரண்டு 'டி'யோடும் வரும். 'ஒய்'யில் முடியும், இரட்டை 'ஈ'யிலும் முடியும். கவுண்டர், ஃபிஜியில் ஏறக்குறைய அப்படியே தங்கிவிட்டார். நேட்டாலில் கவுண்டன் ஆனார், கோவெண்டரும் ஆனார். எழுத்தை வைத்துத் தேடினால் தொலைந்தோம். வாய்விட்டுச் சொல்லிப் பார்த்து, ஓசையை வைத்துத்தான் தேட வேண்டும்.

அதற்காக எழுத்துக்கூட்டல் வீண் என்று சொல்லிவிட முடியாது. அது மூதாதையைக் காட்டாவிட்டாலும் அவர் போன வழியைக் காட்டும். நாயுடுவின் கடைசியில் இரட்டை 'ஓ' இருந்தால் ஆங்கிலேயன் பேனா. மீனாட்சியின் நடுவில் 'டி, சி, எச்' என்று மூன்றெழுத்து நின்றால் பிரெஞ்சுப் பேனா. முத்துசாமியை எடுத்துக்கொள்ளுங்கள். பிரெஞ்சில் இரண்டு உயிரெழுத்துகளுக்கு நடுவே ஒற்றை 'எஸ்' வந்தால் ஓசை மாறிப்போகும் என்பதால் அங்கே 'எஸ்' இரட்டித்தது. சிகாகோ நகரில் எபனி, ஜெட் இதழ்களுக்கு 1970களின் தொடக்கத்தில் தலைமையகம் கட்டித் தந்த கறுப்பினக் கட்டடக் கலைஞர் ஜான் முத்துசாமி. அவர் மகள் ஒளிப்படக் கலைஞர் ஜீன் முத்துசாமி-ஆஷ், டென்னிஸ் வீரர் ஆர்தர் ஆஷின் மனைவி. அமெரிக்கக் குடும்பம்தான், ஆனால் பெயரில் அந்த இரட்டை 'எஸ்' இருக்கிறது. வேர், கரீபியனில் உள்ள பிரெஞ்சுத் தீவான குவாடலூப்பில். 1854 டிசம்பரில் முதல் இந்தியக் கூலிகளோடு 'ஒரேலி' கப்பல் போய்ச் சேர்ந்த தீவு அது.

சரி, வழி தெரிந்துவிட்டது. அடுத்த சிக்கல் இன்னும் பெரியது. தேடப்படும் குடும்பப் பெயர், பெரும்பாலும் குடும்பப் பெயரே இல்லை.

1860 நவம்பர் 16 அன்று மதராஸிலிருந்து 'ட்ரூரோ' கப்பல் டர்பனை அடைந்தது. அதிலிருந்து 1911 வரை நேட்டாலுக்குப் போன ஒப்பந்தக் கூலிகள் 1,52,184 பேர். ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் மதராஸ் வழியாகப் போனவர்கள். கப்பல் பட்டியலில் ஒவ்வொருவருக்கும் ஓர் எண், பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடம்பில் உள்ள அடையாளம் என்று கட்டங்கள் உண்டு. குடும்பப் பெயருக்குக் கட்டம் இல்லை, ஏனென்றால் போனவர்களிடம் அப்படி ஒன்று இல்லை. பின்னால் பள்ளிக்கூடமும் கோர்ட்டும் 'சர்நேம் என்ன?' என்று கேட்டபோது, ஒருவர் சாதிப் பட்டத்தைச் சொன்னார், இன்னொருவர் அப்பா பெயரைச் சொன்னார். ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகளில் மூத்தவர் கோவெண்டராகவும் இளையவர் முனுசாமியாகவும் பதிவானால் வியப்பதற்கில்லை. (நம் ஊர் பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் அதே கட்டத்துக்கு முன்னால் இன்றும் விழிக்கிறோம். இனிஷியலை விரித்து எழுதி, விமான நிலையத்தில் அப்பா பெயரால் அழைக்கப்படுகிறோம்.)

சாதிப் பட்டத்தை நம்பியும் பூர்விகத்தை முடிவு கட்ட முடியாது. கப்பல் ஏறும் முன் கூலிகளைப் பதிந்த டிப்போவில் சொன்னது ஒன்று, கப்பலை விட்டு இறங்கியபின் வைத்துக்கொண்டது ஒன்று என்பது நடந்திருக்கிறது. ஊரில் கிடைக்காத மரியாதையைக் கடலுக்கு அப்பால் ஒரு பட்டத்தில் எடுத்துக்கொண்டவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆராய்ச்சி செய்பவருக்குத்தான் தலைவலி.

புதுச்சேரியில் கதை வேறு. 1881 செப்டம்பர் 21 ஆணைப்படி, சாதி, மத வழக்கப்படியான சொந்தச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்துக்குள் வந்தவர்கள் ஒரு குடும்பப் பெயரைத் தாங்களே தேர்ந்து எடுத்துக்கொள்ள வேண்டியிருந்தது. ஷூ அணிந்து வழக்காட வந்ததற்காகத் தடுக்கப்பட்டு, பாரிஸ் வரை போய் வென்ற வழக்கறிஞர் பொன்னுத்தம்பி பிள்ளை, 'லா போர்த்' என்று வைத்துக்கொண்டார். வாயில் என்று பொருள். அந்தக் குடும்பங்களின் பெயரை 1881க்கு முன்னால் தேடிப் பயனில்லை. பெயரே அப்போதுதான் பிறக்கிறது.

ஆக, பிடித்துக்கொள்ள வேண்டியது பெயரை அல்ல, எண்ணை. பிறப்பு, திருமணம், இறப்புப் பதிவுகளில் பெயர் எத்தனை கோலம் கொண்டாலும், நேட்டால் கூலியின் எண் மாறாது. தாத்தாவின் பழைய காகிதம் எதிலாவது அந்த எண் கிடைத்தால், கப்பல் பட்டியலில் நேராக அந்த வரிக்கே போய்விடலாம். மொரிசியஸில் மோக்காவில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனத்துப் பதிவேடுகளும் எண் வைத்தவைதான். அங்கே வந்து இறங்கியவர்கள் சிலரின் ஒளிப்படம்கூடக் கிடைக்கும்.

பட்டியல் காட்டும் ஊரிலும் எச்சரிக்கை தேவை. கிராமத்தின் பெயரும் அதே காதில் விழுந்து எழுதப்பட்டதுதான். நேட்டால் போனவர்களில் பலருக்கு ஜில்லா 'வட ஆற்காடு'. அந்த ஜில்லா இன்று இல்லை. அதிலிருந்து 1911இல் சித்தூர் பிரிந்தது. அது இப்போது ஆந்திரத்தில். மிச்சம் வேலூர், திருவண்ணாமலை, ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்கள். வேலூரில் தேடிச் சலித்தவரின் கிராமம் சித்தூர்ப் பக்கம் இருக்கலாம்.

கிராமத்தைக் கண்டுபிடித்த பிறகு அங்கே போய் 'கோவெண்டர் குடும்பம் எது?' என்று கேட்டால் யாருக்கும் புரியாது. 'கவுண்டர் குடும்பம்' என்று திருத்திக் கேட்டால் பாதி ஊர் கை தூக்கும். பட்டியலில் உள்ள பாட்டன் பெயரையும் அவர் தகப்பன் பெயரையும் சொல்லலாம். நூற்றைம்பது வருடத்துக்கு முந்தைய அந்தப் பெயரை நினைவில் வைத்திருப்பவர் ஊரில் அநேகமாக இருக்க மாட்டார். திண்ணையில் இருக்கும் பெரியவர் பதிலுக்குக் கேட்பது வேறாக இருக்கும்: "உங்க குலதெய்வம் எதுப்பா?" பங்காளி யார், சம்பந்தி யார் என்று நம் ஊரில் பிரித்துக்கொள்வது அதை வைத்துத்தான். எந்தக் கப்பல் பட்டியலிலும் அதற்குக் கட்டம் கிடையாது. டர்பனில் பாட்டி எந்தச் சாமிக்குப் பொங்கல் வைத்தாள் என்பதை, விமானம் ஏறுவதற்கு முன்பே வீட்டில் கேட்டு எழுதி வைத்துக்கொள்வது நல்லது.