``நீங்க மூணு பேரும்தானே நெருக்கம்!'' - பீட்டில்ஸைப் பிரிக்கப் பார்த்த வெள்ளை ஆல்பம்

கங்கைக்கரையில் அமைதியாகப் பிறந்த பாடல்கள், லண்டன் ஸ்டூடியோவில் நான்கு நண்பர்களைப் பாடாய்ப் படுத்திய கதை இது.

1968 பிப்ரவரியில், உலகப்புகழ் பெற்ற `பீட்டில்ஸ்' ராக் இசைக்குழுவினர் ஜான் லெனான், பால் மெக்கார்ட்னி, ஜார்ஜ் ஹாரிசன், ரிங்கோ ஸ்டார் நால்வரும் தியானம் கற்க ரிஷிகேஷுக்கு வந்தார்கள். மகரிஷி மகேஷ் யோகியின் ஆசிரமத்தில் பாடல்கள் கொட்டின. அறையைவிட்டு வெளியே வராமல் தியானத்தில் மூழ்கிய புரூடென்ஸ் ஃபேரோ என்ற பெண்ணுக்காக ஜான் எழுதியதுதான் `டியர் புரூடென்ஸ்'.

ஊர் திரும்பியதும், மே 30-ம் தேதி அபே ரோடு ஸ்டூடியோவில் ஒலிப்பதிவு தொடங்கியது. அங்கேதான் சிக்கலும் தொடங்கியது. ஒருவர் ஓர் அறையில், இன்னொருவர் வேறோர் அறையில் என்று தனித்தனியாக வேலை பார்த்தார்கள். வாக்குவாதங்களைத் தாங்க முடியாமல், ஒலிப்பதிவாளர் ஜெஃப் எமெரிக் ஜூலையில் பாதியிலேயே விலகினார்.

வெளியேறிய டிரம்மர்

ஆகஸ்ட் 22. அடுத்து விலகியவர் டிரம்மர் ரிங்கோ! `நான் சரியாக வாசிக்கவில்லை. நீங்கள் மூவரும் நெருக்கமாக இருக்கிறீர்கள், நான்தான் வெளியாள்' என்று ஜானிடம் போய்ச் சொன்னார். ஜான் சொன்ன பதில், ``நீங்க மூணு பேரும்தான் நெருக்கம்னு நான் நினைச்சேன்!'' பாலிடம் போனால், அவரும் அதையே சொன்னாராம். பின்னாளில் ரிங்கோவே இதைப் பகிர்ந்திருக்கிறார்.

மனம் ஆறாமல் குடும்பத்தோடு இத்தாலியின் சார்டீனியா தீவுக்குப் போய்விட்டார் ரிங்கோ. அவர் இல்லாத நாள்களில் டிரம்ஸ் வாசித்தவர் பால். ஆல்பத்தின் முதல் இரண்டு பாடல்களில் ரிங்கோ இல்லாததற்கு இதுதான் காரணம்.

`திரும்பி வா' என்று நண்பர்கள் தந்தி அனுப்பினார்கள். செப்டம்பரில் ரிங்கோ ஸ்டூடியோவுக்குள் நுழைந்தபோது, அவரது டிரம்ஸ் முழுக்கப் பூக்கள்! அடுத்த சில நாள்களில் `ஹெல்டர் ஸ்கெல்டர்' பாட்டுக்கு அவர் ஆவேசமாக வாசித்தார். `விரலெல்லாம் கொப்புளம்' என்று அவர் கத்துவதும் பாட்டின் முடிவில் பதிவாகியிருக்கிறது.

30 பாடல்கள், இரண்டு இசைத்தட்டுகள்

நல்ல பாடல்களை மட்டும் தேர்ந்தெடுத்து ஒரே இசைத்தட்டாக வெளியிடலாம் என்றார் தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டின். நால்வரும் கேட்கவில்லை. 30 பாடல்களோடு, இரட்டை ஆல்பமாகவே நவம்பர் 22-ல் இங்கிலாந்தில் வெளியானது. ஓவியர் ரிச்சர்ட் ஹாமில்டன் வடிவமைத்த அட்டையில் படமே கிடையாது. வெறும் வெள்ளை நிறம், புடைத்த எழுத்தில் குழுவின் பெயர், கூடவே ஒரு வரிசை எண். அதனாலேயே `ஒயிட் ஆல்பம்' என்ற பெயர் நிலைத்தது. இங்கிலாந்து விற்பனைப் பட்டியலிலும் முதலிடம் பிடித்தது.

வரிசை எண் 0000001 கொண்ட பிரதி, 2015-ல் 7,90,000 டாலருக்கு ஏலம் போனது. அத்தனை வருடங்களாக அதைப் பத்திரமாக வைத்திருந்தவர் யார் தெரியுமா? தன்னை வெளியாள் என்று நினைத்துக் கிளம்பிய அதே ரிங்கோதான்!