மீன்தொட்டியில் மிதக்கும் செடி

முனிர்காவின் சந்துகளில் அறை எடுத்துத் தங்கும் நம் அன்பர் சிலர் மீன்தொட்டி வைத்திருக்கின்றனர். அவ்வறைகளில் வெயில் அரிது. தொட்டியின் அடியில் வேரூன்றும் செடி வாடிவிடும். மிதக்கும் செடிக்கோ விளக்கொளி அருகிலேயே கிட்டும். கரியமிலவாயுவையும் அது காற்றிலிருந்தே பெறும். மீன்கழிவினால் உண்டாகும் நைட்ரேட்டை உறிஞ்சிப் பாசியைப் பட்டினி போடும்.

எதை வளர்ப்பது? ஆகாயத்தாமரையின் வேர்க்கற்றை மீன்குஞ்சுகள் ஒளிய நல்ல இடம். ஆனால் தில்லிக் குளிர் அதற்கு ஆகாது. மார்கழியில் தொட்டியைச் சன்னலைவிட்டு நகர்த்துக. சால்வீனியாவின் மேலிலை ஓயாமல் நனைந்தால் அழுகும். வாத்துப்பாசி வேண்டவே வேண்டா; வலையில் ஒட்டிக்கொண்டு அடுத்த தொட்டிக்கும் குடியேறும்!

எதுவாயினும் நீர்ப்பரப்பில் பாதிக்கு மேல் மூடவிடலாகாது. முழுதும் மூடினால் காற்று நீரிற் கலப்பது குறையும். விடியலில் மீன்கள் மேலே வந்து வாய் பிளக்கும். வாரந்தோறும் மிகுந்ததை அள்ளிவிடுக.

அள்ளியதைச் சாக்கடையில் எறிவோர் ஒரு செய்தி அறிக. 1939-இல் கொழும்பில் பல்கலைக்கழகக் கல்லூரியின் தாவரவியல் துறை வழியாக இலங்கைக்கு வந்தது சால்வீனியா. நம்மைப் போன்ற மாணாக்கர் பார்த்துப் படிக்க வந்த செடி! அது வெளியேறிக் குளங்களையும் நெல்வயல்களையும் மூடியது. 1980-களில் தென்னமெரிக்கக் கூன்வண்டு ஒன்றைக் கொணர்ந்து விட்ட பின்னரே அடங்கியது. ஓக்லாவில் யமுனையை மூடும் வெங்காயத்தாமரையும் அழகுக்கென இந்நாட்டிற்குக் கொணரப்பட்டதே.

மிகுந்த செடியை மொட்டைமாடியில் நன்கு உலர்த்துங்கள். பின்பு துளசிச் சட்டியில் இடுங்கள், நல்ல எரு.